சிவப்பு ஆச்சரியக்குறி: வரைபடமும் டேட்டாபேஸும் சேர்ந்த (சேராத) கதை

ஜி.ஐ.எஸ். பக்கம் பொட்டி தட்டுகிறவர்களுக்கு ஒரு சிவப்பு ஆச்சரியக்குறி ரொம்பப் பரிச்சயம். சாயங்காலம் அழகா சேவ் பண்ணி மூடி வெச்ச வரைபடத்தை மறுநாள் திறந்தா லேயர் பேரெல்லாம் வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணு பக்கத்துலயும் அந்தக் குறி நிக்கும். படம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையா இருக்கும். ஆர்க்மேப் பழகினவங்க அத்தனை பேரும் ஒருமுறையாவது பார்த்திருப்பாங்க.

காரணம் பெரும்பாலும் சப்பை மேட்டரா இருக்கும். யாரோ ஃபோல்டர் பேரை மாத்தியிருப்பாங்க. நெட்வொர்க் டிரைவோட எழுத்து மாறியிருக்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் காலாவதி ஆகியிருக்கும். நாம சேவ் பண்ற வரைபடக் கோப்புல உண்மையில வரைபடமே கிடையாது. "ரோடு இந்த விலாசத்துல இருக்கு, அதை இந்தக் கலர்ல காட்டு"ங்கிற குறிப்புதான் இருக்கு. விலாசத்துல ஆள் இல்லைன்னா ஆச்சரியக்குறி.

அதை எப்படி சரி பண்றதுன்னு மட்டும் எழுதினா நாலு வரியில பதிவு முடிஞ்சிடும். வரைபடமும் அதோட தகவலும் ஏன் எப்பவும் தனித்தனி வீட்டுல குடியிருக்குன்னு கேட்டாத்தான் கதை சுவாரசியமாகுது. அது அறுபது வருஷக் கதை. கொஞ்சம் பொறுமையா வாங்க.

*

முதல்ல நம்ம ஊர்லேர்ந்து ஒரு உதாரணம். நிலம் வெச்சிருக்கிறவங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, டக்குன்னு சொல்லுவாங்க.

கிராமக் கணக்குல ரெண்டு விஷயம் உண்டு. ஒண்ணு புலப்படம். எஃப்.எம்.பி.ன்னு சொல்லுவாங்க. நிலத்தோட எல்லைக் கோடு, கல், அளவு எல்லாம் அதுல இருக்கும். இன்னொண்ணு 'அ' பதிவேடு. நிலம் நஞ்சையா புஞ்சையா, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு, யார் பேர்ல இருக்குங்கிறதெல்லாம் அதுல இருக்கும். படத்துல சொந்தக்காரர் பேர் கிடையாது. பதிவேட்டுல நிலத்தோட வடிவம் கிடையாது. ரெண்டையும் சேர்க்கிறது சர்வே நம்பரும் உட்பிரிவும். 123/2ஏ, 123/2பி அப்படின்னு வருமே, அது.

பதிவேட்டுல 123/2 ரெண்டாப் பிரிஞ்சிடுச்சு, புலப்படத்துல இன்னும் பிரியலைன்னு வெச்சுக்குங்க. 2பி-க்குச் சொந்தக்காரர் கையில காகிதம் இருக்கும். அந்தக் காகிதம் எந்த மண்ணைச் சொல்லுதுன்னு படத்துல காட்ட முடியாது. கம்ப்யூட்டரே இல்லாத காலத்துலயும் இந்தப் பிரச்சினை இருந்துச்சு.

*

இப்போ கனடா போவோம். கம்ப்யூட்டருக்குள்ள இந்தக் கதை அங்கேதான் தொடங்குது.

1960களின் ஆரம்பத்துல, கனடா அரசுக்குத் தன் நிலவளம் எவ்வளவுன்னு தெரியணும். எங்கே விவசாயம் பண்ணலாம், எங்கே காடு வளர்க்கலாம், எங்கே வனவிலங்குகளுக்கு விடலாம்னு வகைப்படுத்துற 'கனடா நிலக் கணக்கெடுப்பு' திட்டம். ஆயிரக்கணக்கான வரைபடம் வரும். வரைஞ்சுடலாம்தான். ஆனா ஒரு வரைபடத்து மேல இன்னொண்ணை வெச்சு, ரெண்டும் ஒத்துப்போற இடத்தோட பரப்பைக் கையால அளக்க ஆட்களுக்கு எங்கே போறது?

ராஜர் டாம்லின்சன்னு ஒருத்தர். ஒட்டாவாவுல வான்படம் எடுக்கிற 'ஸ்பார்ட்டன் ஏர் சர்வீசஸ்' கம்பெனியில வேலை. இதே தலைவலியை வேற ஒரு வேலையில ஏற்கனவே பார்த்தவர். 1962ல் ஒரு விமானப் பயணத்துல அந்த நிலக் கணக்கெடுப்பைப் பார்த்துக்கிட்டிருந்த லீ பிராட் பக்கத்து சீட்டுக்கு வாய்ச்சார். பேச்சு அப்படியே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிச்சு. ஐ.பி.எம்.மோட சேர்ந்து உருவான 'கனடா புவியியல் தகவல் அமைப்பு' அங்கேர்ந்து கிளம்பினதுதான். டாம்லின்சனை ஜி.ஐ.எஸ்.ஸின் தந்தைன்னு சொல்றதும் அதனாலதான்.

அந்த சிஸ்டம் தகவலை எப்படி வெச்சுக்கிட்டதுங்கிறதுதான் நமக்கு முக்கியம். ரெண்டு தொகுப்பு. ஒண்ணு கோடுகளுக்கு, பேர் 'பிம்பத் தொகுப்பு'. இன்னொண்ணு ஒவ்வொரு துண்டு நிலத்தோட விவரத்துக்கு, பேர் 'விவரணத் தொகுப்பு'. நடுவுல எண்ணால இணைப்பு. புலப்படம், பதிவேடு, சர்வே நம்பர்... அதே டிசைன்!

அப்போ காந்த நாடா காலம். நாடாவுல முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஓட்டித்தான் படிக்க முடியும். நிலத்துல பக்கத்துப் பக்கத்துல இருக்கிறது நாடாவுலயும் பக்கத்துல இருந்தா வேலை சுளுவாகும். அதுக்காக கை மார்ட்டன்ங்கிற ஐ.பி.எம். ஆசாமி 1966ல் ஒரு வரிசைமுறை கண்டுபிடிச்சார். வரைபடத்தைச் சதுரங்களா வெட்டி 'இசட்' வடிவத்துல எண் போட்டுக்கிட்டே போறது. மார்ட்டன் வரிசைன்னு இன்னைக்கும் டேட்டாபேஸ் ஆட்கள் பயன்படுத்துறாங்க.

*

1970ல் ஐ.பி.எம்.மில் எட்கர் காட் எழுதின கட்டுரையோட ரிலேஷனல் டேட்டாபேஸ் யுகம் ஆரம்பிச்சுது. அப்போ கோடுகளையும் டேபிள்ல போட்டுட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

காலேஜ்ல டி.பி.எம்.எஸ். பேப்பர் எழுதினவங்க ஞாபகப்படுத்திப் பாருங்க. எப்பவும் ஊழியர் டேபிள், துறை டேபிள்தான். ஊழியர் எண்ணைச் சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கலாம், தேடலாம். ஒரு ஏரியோட கரையை எப்படி அடுக்குவீங்க? ஒரு ஏரிக்கு 20 புள்ளி, அடுத்ததுக்கு 20,000 புள்ளி. இந்த ஏரி அந்த ஏரியைவிடப் 'பெரியது'ன்னா கிழக்கேயா வடக்கேயா? ரெண்டு திசையில பரவிக் கிடக்கிறதை ஒரே வரிசையில நிறுத்த முடியாது. இதுக்கு ஆர்-ட்ரீன்னு ஒரு இண்டெக்ஸை ஆன்டனின் கட்மன் 1984ல் தான் எழுதினார்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1982ல், கலிபோர்னியாவுல ரெட்லேண்ட்ஸ் ஊர்ல இருக்கிற எஸ்ரி கம்பெனி ஆர்க்/இன்ஃபோவை வெளியிட்டுடுச்சு. பேர்லயே ஒரு சாய்வுக்கோடு இருக்கு பாருங்க, அது சும்மா இல்லை. 'ஆர்க்'ங்கிறது கோடுகளுக்காக எஸ்ரி எழுதினது. 'இன்ஃபோ'ங்கிறது ஹென்கோங்கிற வேற கம்பெனியோட டேட்டாபேஸ். ரெண்டையும் ஒரு எண்ணால கோத்து ஒரே பெட்டியில வித்தாங்க.

ஒரு லேயருக்கு 'கவரேஜ்'னு பேர். அது ஒரு ஃபோல்டர். அதோட டேபிளின் வரையறை அந்த ஃபோல்டருக்குள்ள இருக்காது. பக்கத்துல 'இன்ஃபோ'ன்னு ஒரு பொது ஃபோல்டர், அதுல எல்லா லேயரோட டேபிள் வரையறையும் ஆர்க்0000, ஆர்க்0001னு மொட்டையா பேர் வெச்சுக்கிட்டுக் கிடக்கும். எது யாரோடதுன்னு ஒரு பட்டியல் கோப்பு சொல்லும்.

இது தெரியாம 'ரோடு' ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணி இன்னொரு இடத்துல போட்டா கோடு வரும், விவரம் வராது. உஷாரா இன்ஃபோவையும் சேர்த்து எடுத்துட்டுப் போய், ஏற்கனவே இன்ஃபோ இருக்கிற இடத்துல போட்டீங்கன்னா இன்னும் விசேஷம். அங்கே இருந்த ஆர்க்0000 மேல உங்க ஆர்க்0000 ஏறி உட்கார்ந்துக்கும். ரெண்டு வீட்டுச் சாமானும் கலந்துடும் :-)

*

1990கள்ல ஆர்க்வியூவோட ஷேப்ஃபைல் வந்துச்சு. எஸ்ரி அதோட அமைப்பை வெளிப்படையா எழுதிக் கொடுத்ததால உலகமே அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சுது, இன்னமும் பயன்படுத்துது. அதுவும் ஒரே ஃபைல் கிடையாது. குறைஞ்சது மூணு: கோட்டுக்கு எஸ்.எச்.பி., அதோட இண்டெக்ஸுக்கு எஸ்.எச்.எக்ஸ்., விவரத்துக்கு டி.பி.எஃப். கடைசியா சொன்னது 1980களோட டிபேஸ் மென்பொருளின் ஃபார்மட்.

இங்கே ரெண்டையும் இணைக்கிற எண் எதுன்னு கேட்டீங்கன்னா, எண்ணே கிடையாது! வரிசை மட்டும்தான். எஸ்.எச்.பி.யில ஏழாவதா இருக்கிற கோட்டுக்கு டி.பி.எஃப்.ல ஏழாவது வரி. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஒரு வாடிக்கையாளர் கிட்டேர்ந்து குடிநீர்க் குழாய் ஷேப்ஃபைல் ஒண்ணு எங்களுக்கு வந்துச்சு. திறந்தா எல்லாம் பளிச். ஆச்சரியக்குறி இல்லை, எரர் இல்லை. குழாயோட விட்டத்தை வெச்சுக் கோட்டோட தடிமனைப் போட்டப்பதான் கண்ணை உறுத்திச்சு. மெயின் ரோட்டுல 100 மி.மீ. குழாய், முட்டுச்சந்துல 600 மி.மீ. குழாய்! விசாரிச்சா, அங்கே ஒருத்தர் டி.பி.எஃப்.பை மட்டும் ஸ்ப்ரெட்ஷீட்ல திறந்து தெருப் பேரை அகர வரிசையில அடுக்கி, அதே பேர்ல சேவ் பண்ணியிருக்கார். பார்க்க வசதியா இருக்கட்டுமேன்னு நல்லெண்ணம்தான். அந்த ஒரு சொடுக்குல ஊர்ல இருக்கிற அத்தனை குழாயும் வேற குழாயோட ஜாதகத்தை மாட்டிக்கிச்சு.

யோசிச்சுப் பாருங்க. ஆச்சரியக்குறி வந்திருந்தா யாராவது போன் பண்ணி "படம் திறக்கலை"ன்னு திட்டியிருப்பாங்க, பத்து நிமிஷத்துல சரியாகியிருக்கும். இது திறந்துச்சு. பிரிண்ட் எடுத்திருந்தா அதை நம்பி ஒரு தெருவைத் தோண்டியிருப்பாங்க.

இந்தப் பதிவுல நான் சொல்ல வந்ததே இதுதான். கனெக்‌ஷன் அறுந்து போறதைப் பத்தித்தான் எல்லாரும் புலம்புறோம். அறுந்ததாவது வாயைத் திறந்து சொல்லுது. தப்பா ஒட்டிக்கிட்டது சத்தமே போடாது. வரைபட மென்பொருள் வரலாற்றை இந்தக் கண்ணோட பார்த்தா ஒவ்வொரு கட்டத்துலயும் எது சத்தம் போட்டுச்சு, எது போடலைன்னு கேட்கணும்.

(கொசுறு: டி.பி.எஃப்.ல பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம். யுடிஎஃப்-8ல ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூணு பைட். 'ஊர்'னு வெச்சா ஊ, ர, புள்ளின்னு மூணு குறியீடு, ஒன்பது பைட், தப்பிச்சுடும். 'மாவட்டம்' 24 பைட், நட்ட நடுவுல வெட்டிடும். தமிழ்ல டேட்டா வெச்சிருக்கிறவங்க ஷேப்ஃபைலை விட்டு வெளிய வர இது ஒண்ணே போதும்.)

*

பெரிய நிறுவனங்களுக்கு ஃபைல் வெச்சுக் கட்டுப்படியாகலை. நூறு பேர் ஒரே வரைபடத்தைத் திருத்தணும். 1990களின் நடுவுல எஸ்ரி எஸ்.டி.இ.ன்னு ஒண்ணைக் கொண்டு வந்துச்சு. ஆரக்கிள் மாதிரி டேட்டாபேஸுக்கும் வரைபட மென்பொருளுக்கும் நடுவுல நிக்கிற ஒரு தரகர் சர்வர். கடைசியில கோடும் விவரமும் ஒரே டேட்டாபேஸுக்குள்ள வந்துடுச்சு.

வந்துச்சே தவிர, உள்ளேயும் தனிக்குடித்தனம்தான். விவரம் ஒரு டேபிள்ல, கோஆர்டினேட் 'எஃப்' டேபிள்ல, இண்டெக்ஸ் 'எஸ்' டேபிள்ல. பல பேர் ஒரே நேரத்துல திருத்துறதுக்காக 'வெர்ஷன்' வசதி போட்டப்போ சேர்த்ததுக்கு 'ஏ' டேபிள், நீக்கினதுக்கு 'டி' டேபிள்னு இன்னும் ரெண்டு. இதை அறியாம நேரா அடிப்படை டேபிள்ல எஸ்.க்யூ.எல். எழுதி எண்ணினா, நேத்து சேர்த்த மீட்டர் எதுவும் கணக்குல வராது. கம்ப்ரஸ் ஓட்டி அடிப்படை டேபிளுக்கு இறங்குற வரைக்கும் அதெல்லாம் பக்கத்து டேபிள்ல உட்கார்ந்திருக்கும். எரர் வருமா? வராது. சத்தம் போடாத வகை.

சத்தம் போடுற வகையும் உண்டு. எஸ்.டி.இ. 5151ங்கிற போர்ட்ல காத்திருக்கும். ஃபயர்வால்ல அது மூடியிருந்தாலோ, விண்டோஸோட 'சர்வீசஸ்' கோப்புல அந்த வரி விட்டுப்போயிருந்தாலோ கனெக்‌ஷன் கிடைக்காது. சீனியர்கள் 5151னு சொன்னாலே இன்னும் பெருமூச்சு விடுவாங்க. பிற்பாடு வரைபட மென்பொருளே டேட்டாபேஸோட நேரடியா பேசப் பழகிடுச்சு. தரகருக்கு வேலை போய், 10.2 வரிசையோட அந்த சர்வர் கதை முடிஞ்சுது.

சின்ன ஆபீஸ்களுக்கு 1999 கடைசியில வந்த ஆர்க்ஜிஐஎஸ் 8 'பர்சனல் ஜியோடேட்டாபேஸ்' கொடுத்துச்சு. அது சாட்சாத் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கோப்பு. 2 ஜி.பி. தாண்டக் கூடாது. மென்பொருள் பாதியில படுத்துட்டா எல்.டி.பி.ன்னு ஒரு பூட்டுக் கோப்பு அநாதையா நின்னு "வேற யாரோ பயன்படுத்துறாங்க"ன்னு சாதிக்கும். யாருமே இருக்க மாட்டாங்க. 2006ல் 'ஃபைல் ஜியோடேட்டாபேஸ்' வந்து அந்த 2 ஜி.பி. வேலியைத் தாண்ட வெச்சுது. 2015ல் வந்த ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ ஆக்சஸ் கோப்பைத் திறக்கவே திறக்காதுன்னு சொல்லிடுச்சு. பழைய அலுவலகங்கள்ல இன்னும் எத்தனை நகராட்சி வரைபடம் அந்த எம்.டி.பி. கோப்புகளுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கிடக்கோ!

*

இன்னொரு பக்கம், கனடாவுலயே, விக்டோரியா நகரத்துல ரிஃப்ராக்‌ஷன்ஸ் ரிசர்ச்ங்கிற சின்ன கம்பெனி 2001ல் போஸ்ட்ஜிஐஎஸ்ஸை இலவசமா வெளியிட்டுச்சு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு ஏரியும் ரோடும் புரிய வெச்ச நீட்சி. கோடு இப்போ ஒரு பத்தி மட்டும்தான். பேர், வயசு மாதிரி 'ஜியாமெட்ரி'யும் அதே வரியில. வரிசையை நீங்க எப்படி மாத்தி அடுக்கினாலும் குழாயும் அதோட விட்டமும் பிரியாது.

அதைப் பார்க்க ஒரு மென்பொருள் வேணுமேன்னு அலாஸ்காவுல கேரி ஷெர்மன் 2002ல் எழுத ஆரம்பிச்சதுதான் க்யூஜிஐஎஸ். முதல் வெளியீட்டுல போஸ்ட்ஜிஐஎஸ் லேயரை மட்டும்தான் திறக்க முடியும். ஷேப்ஃபைல்கூட கிடையாது! இன்னைக்கு அதைத் திறந்ததும் ஷேப்ஃபைலை இழுத்துப் போடுறவங்க இதை நினைச்சுக்கணும்.

போஸ்ட்ஜிஐஎஸ் நல்லா சத்தம் போடும். ஒரு டேபிள் அட்சரேகை கணக்குல, இன்னொண்ணு மீட்டர் கணக்குல இருக்க, ரெண்டையும் வெட்டிப் பார்க்கச் சொன்னா "எஸ்.ஆர்.ஐ.டி. ஒத்துப்போகலை"ன்னு மறுத்துடும். ஒரே சர்வே நம்பர் ரெண்டு தடவை வரக்கூடாதுன்னு சொல்லி வெச்சா விடாது. சொந்தக்காரர் டேபிள்ல இருக்கிற நம்பர் நில டேபிள்ல இல்லைன்னா, ஃபாரின் கீ போட்டிருந்தீங்கன்னா அதையும் விடாது. சத்தம் போடாம கடந்து போன தப்பையெல்லாம் சத்தம் போட வைக்கிற கருவி இது.

ஒரு இடத்துல மட்டும் உஷார். ப்ரைமரி கீ இல்லாத வ்யூவை க்யூஜிஐஎஸ்ல ஏத்தினா "தனித்துவமான பத்தி எது?"ன்னு கேட்கும். நீங்க சொல்றதை நம்பிடும். திரும்பத் திரும்ப வர்ற பத்தியைக் காட்டிட்டா ஒரு நிலத்தைச் சொடுக்கினா இன்னொண்ணோட விவரம் வந்து நிக்கலாம்.

2014ல் ஷேப்ஃபைலுக்கு மாற்றா ஜியோபேக்கேஜ் தரநிலை வந்துச்சு. உள்ளே எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், வெளியே ஒரே ஒரு கோப்பு. பத்து பைட் தலைப்புத் தொல்லை கிடையாது, தமிழ் தாராளமா எழுதலாம். ஆனா அதை நெட்வொர்க் ஃபோல்டர்ல வெச்சுப் பத்து பேர் திருத்தாதீங்க. அதுக்கு அது ஆகாது, போஸ்ட்ஜிஐஎஸ்ஸுக்குப் போயிடுங்க.

*

இவ்வளவு கதை சொல்லிட்டு வேலைக்கு ஆகுறதை சொல்லாம போனா திட்டுவீங்க. ஆச்சரியக்குறி வந்தா நான் பார்க்கிற வரிசை இதுதான்.

1. ஃபைலா, டேட்டாபேஸா? ஃபைல்னா பாதை மாறியிருக்கான்னு பாருங்க. இனிமே ப்ராஜெக்ட்டை ரிலேட்டிவ் பாதையோட சேவ் பண்ணுங்க.

2. டேட்டாபேஸ்னா சர்வர் எட்டுதா, போர்ட் திறந்திருக்கா? போஸ்ட்கிரெஸுக்கு 5432. புதுசா நிறுவினா அது தன் கம்ப்யூட்டர்லேர்ந்து வர்ற அழைப்பை மட்டும்தான் கேட்கும். வெளிய இருக்கிறவங்களுக்கும் காது கொடுக்கச் சொல்லி செட்டிங்ல மாத்தணும், பி.ஜி.எச்.பி.ஏ. கோப்புல யாருக்கு அனுமதின்னு எழுதணும்.

3. கனெக்ட் ஆகுது, லேயரே தெரியலையா? அது உரிமைப் பிரச்சினை. டேபிளுக்குக் கொடுத்தா மட்டும் போதாது, ஸ்கீமாவுக்கும் கொடுக்கணும்.

4. காலையில வேலை செஞ்சு பத்து மணிக்கு மேல மறுக்குதா? கனெக்‌ஷன் எண்ணிக்கை நிரம்பியிருக்கும். இயல்பு வரம்பு 100.

இந்த நாலும் சத்தம் போடுறவை. இதுக்கப்புறம்தான் உண்மையான வேலை. படத்துல எத்தனை துண்டு, டேபிள்ல எத்தனை வரின்னு எண்ணுங்க. சேர்த்ததுக்கு அப்புறம் படத்துப் பக்கம் எத்தனை பேர் ஜோடியில்லாம நிக்கிறாங்க, டேபிள் பக்கம் எத்தனை பேர்னு ரெண்டு பக்கமும் எண்ணுங்க. தோராயமா பத்தை எடுத்து நேர்ல தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க. ஸ்ப்ரெட்ஷீட் நடுவுல வந்திருந்தா இன்னும் கூடுதல் சந்தேகம் வேணும். சர்வே நம்பர் 5/2ன்னு அடிச்சா அதைத் தேதின்னு எடுத்துக்கிட்டு மே 2 அல்லது பிப்ரவரி 5னு மாத்தி வெச்சிடும். 007ங்கிற கிராம எண்ணை வெறும் 7 ஆக்கிடும்.

*

சிரிப்பா இருந்தாலும், அந்த 5/2 யாரோ ஒருத்தரோட நிலம். தமிழ்நாட்டுல 1979ல் ஆரம்பிச்சு 1987 வரைக்கும் யு.டி.ஆர். திட்டத்துல நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்சாங்க. அப்போ பேர் மாறினது, பரப்பு மாறினதுன்னு திருத்தச் சொல்லி இன்னமும் மனு கொடுத்துக்கிட்டிருக்காங்க. பதிவேடு எரிஞ்சோ தொலைஞ்சோ போயிருந்தா அன்னைக்கே ஊர் கூடியிருக்கும். பதிவேடு பத்திரமா இருந்துச்சு, உள்ளே பேர் மட்டும் வேற. அதனால நிலத்தை விக்கப் போனப்பவோ பாகம் பிரிக்க உட்கார்ந்தப்பவோதான் பலருக்குத் தெரிய வந்துச்சு, வருஷக் கணக்கா தாண்டி.

இப்போ அதெல்லாம் கம்ப்யூட்டர்ல. பதிவேட்டுக்கு 'தமிழ் நிலம்', புலப்படத்துக்கு 'கொலாப்லேண்ட்'. ரெண்டும் தேசிய தகவலியல் மையம் உருவாக்கினது. வீட்டுல உட்கார்ந்தே பட்டாவையும் புலப்படத்தையும் பார்க்கலாம், பெரிய வசதி. நடுவுல நிக்கிறது இன்னமும் அதே சர்வே நம்பரும் உட்பிரிவும்தான்.

அதனால மக்களே, உங்க குடும்ப நிலத்தோட பட்டாவையும் புலப்படத்தையும் ஒருநாள் சேர்த்து எடுத்து வெச்சு, உட்பிரிவும் பரப்பும் ரெண்டுலயும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. எரர் வரலையேன்னு விட்டுடாதீங்க.

சரி, ஆணி கூப்பிடுது. வர்ட்டா?